அவசரத்துக்கு அடங்காத மை

பச்சை குத்தியதை நீக்க முடியுமா என்று கேட்டால் நம் ஊரில் இரண்டு விதமான பதில்கள் கிடைக்கும். "குத்தினது குத்தினதுதான், கட்டையோடதான் போகும்" என்பார்கள் பெரியவர்கள். "அதான் லேசர் இருக்கே, நாலு சிட்டிங் போனா அடையாளமே தெரியாது" என்பார்கள் இளைஞர்கள். அழகு நிலையங்களின் விளம்பரப் பலகைகளும் இந்த இரண்டாவது பதிலையே சொல்கின்றன. முதல் பதில் 1980களிலேயே காலாவதியாகிவிட்டது. இன்று தோல்களைக் கெடுத்துக்கொண்டிருப்பது இரண்டாவது பதில்தான். இரண்டையும், இவற்றைச் சுற்றிப் புழங்கும் மற்ற நம்பிக்கைகளையும், சான்றுகளை வைத்து எடைபோட வேண்டியிருக்கிறது. மாநிறமும் கறுப்புமான நம் தோலை மனதில் வைத்து எடைபோடுவதும் அவசியம். இந்தத் துறையின் ஆய்வுகளில் பெரும்பகுதி வெளிர்நிறத் தோலில் நடந்தவை என்பதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை.

மை எங்கே தங்கியிருக்கிறது என்பது தெரிந்தால் பாதி நம்பிக்கைகள் தாமாகவே விழுந்துவிடும். நம் மேல்தோல் ஏறத்தாழ ஒரு மாதத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. மை அங்கே இருந்தால் எந்தப் பச்சையும் இரண்டு மாதம் தாங்காது. ஊசி அதையும் தாண்டி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்திலுள்ள அடித்தோலில் மையை இறக்குகிறது. அங்கே காவலுக்கு இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்கள் அந்த மைத்துகள்களை அந்நியப் பொருளாகக் கருதி விழுங்குகின்றன. விழுங்க முடிகிறதே தவிர ஜீரணிக்க முடிவதில்லை. 2018-ல் பிரான்சின் மார்செய் நகரில் சான்ட்ரின் ஆன்ரி, பெர்னார் மாலிசன் ஆகியோரின் குழு எலிகளின் வாலில் பச்சை குத்தி, மையை விழுங்கியிருந்த செல்களைக் கொன்று பார்த்தது. பச்சை கொஞ்சமும் மங்கவில்லை. செத்த செல்கள் விட்ட துகள்களைப் புதிதாக வந்த செல்கள் அதே இடத்தில் விழுங்கிக்கொண்டன. மனிதத் தோலிலும் ஒரு பச்சை நாற்பது, ஐம்பது ஆண்டுகள் இருப்பதற்கு இந்தக் கைமாற்றம்தான் விளக்கமாக இருக்க முடியும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு 'டாட்டூ ரிமூவல் கிரீம்' விற்பவரை நம்பக் காரணமே இல்லை. மேல்தோலை வெளுக்கச் செய்யும் களிம்பு அடித்தோலுக்குப் போய்ச் சேராது. போய்ச் சேரும் அளவுக்கு அது வீரியமானது என்றால், அது வழியிலுள்ள தோலை எரித்துக்கொண்டு போகும் அமிலம். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இந்த வேலைக்கென்று ஒரு களிம்பைக்கூட அங்கீகரிக்கவில்லை. மருவுக்குச் சுண்ணாம்பும் சோப்பும் குழைத்து வைக்கும் கைவைத்தியத்தைப் பச்சைக்கும் செய்து பார்ப்பவர்கள் உண்டு. அந்தக் காரம் செய்வது ரசாயனத் தீக்காயம், அவ்வளவுதான். உப்பை வைத்துத் தேய்ப்பது இன்னும் பழையது. 6-ஆம் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் ஏட்டியஸ் பச்சையை நீக்குவதற்கு எழுதிவைத்த முறைகளிலேயே உப்புத் தேய்ப்பு இருக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகத் தெரிந்த ஒரு முறை ஏன் கைவிடப்பட்டது என்று யோசித்தாலே போதும். தேய்க்கத் தேய்க்கப் போவது தோல். மை இருந்த இடத்தில் தழும்பு நிற்கிறது, பல சமயம் மையும் கொஞ்சம் மீதி நிற்கிறது. இந்தப் பிரிவில் எனக்கு இருமனம் இல்லை. களிம்பு, அமிலம், உப்பு, சுண்ணாம்பு நான்கையும் முழுதாக ஒதுக்க வேண்டும்.

லேசருக்கு வருவோம். அமெரிக்காவின் சின்சினாட்டியில் லியோன் கோல்ட்மன் என்ற தோல் மருத்துவர் 1960களிலேயே ரூபி லேசரைப் பச்சையின் மீது செலுத்திப் பார்த்தார். ஆனால் முறைக்கு அடித்தளம் கிடைத்தது 1983-ல். ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் இருவரும் 'சயின்ஸ்' இதழில் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். ஒரு நிறம் உறிஞ்சும் அலைநீளத்தைத் தேர்ந்து, போதிய அளவு குறுகிய நேரம் மட்டும் ஒளியைப் பாய்ச்சினால், வெப்பம் அக்கம்பக்கத்துக்குப் பரவுவதற்கு முன்பே குறிவைத்த துகள் உடைந்துவிடும் என்பது அதன் சாரம். கொதிக்கும் தோசைக்கல்லில் விரல் பட்டவுடன் எடுத்துவிட்டால் சுடாமல் தப்பிக்கிறோம், வைத்துக்கொண்டே இருந்தால் வெந்துபோகிறது. இங்கே அந்த 'பட்டவுடன்' என்பது ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்கு, அதாவது சில நானோ நொடிகள். கியூ-ஸ்விட்ச் லேசர் என்று சொல்வது இந்த வேகத்தில் வேலை செய்யும் கருவியைத்தான்.

நம் ஊரில் நடக்கும் பெரிய தவறுகளில் ஒன்று இந்த இடத்தில்தான் பிறக்கிறது. முடி நீக்கும் லேசரும், ஐ.பி.எல் எனப்படும் ஒளிக்கருவியும் மில்லி நொடிக் கணக்கில் ஒளியைப் பாய்ச்சுபவை. நானோ நொடியோடு ஒப்பிட்டால் இது லட்சக்கணக்கான மடங்கு நீண்ட நேரம். அந்த நேரத்துக்குள் மையில் ஏறிய சூடு சுற்றியுள்ள திசுக்களையும் வேகவைத்துவிடும். "லேசர் மெஷின் இருக்கு" என்று நிலையத்தார் சொல்வது பொய்யாக இருக்காது, ஆனால் அது எந்த லேசர் என்று கேட்காமல் கையை நீட்டியவருக்குப் பச்சையின் வடிவத்திலேயே தடித்த தழும்பு வரும். இதை வாடிக்கையாளரின் அறியாமை என்று தள்ளிவிட நான் தயாரில்லை. கருவியின் பெயரையும் அலைநீளத்தையும் கேட்பதற்கு முன்பே சொல்ல வேண்டியது நிலையத்தின் கடமை.

சரியான கருவியே என்றாலும் அது மையை அழிப்பதில்லை. துகள்களை நொறுக்குகிறது, அவ்வளவே. நொறுங்கிய தூளை எடுத்துப் போகும் வேலை உடலுடையது. ஒரு சிட்டிங்கை அருகிலிருந்து பார்த்தால் இது விளங்கும். மருத்துவரும் நோயாளியும் கண்ணாடி அணிந்துகொள்கிறார்கள். கருவியின் முனை தோலில் பட்டதும் 'டப்' என்று ஒரு சத்தம், முடி கருகும் வாடை. முன்கையில் கறுப்பு எழுத்தாக இருந்த பெயர் சில நொடிகளில் வெள்ளையாக மாறுகிறது. முதல்முறை வருபவர் முகம் மலர்வது இந்தக் கட்டத்தில்தான், மை போய்விட்டது என்று நினைக்கிறார். அது தோலுக்குள் திடீரென உண்டான வாயுக் குமிழ்கள். கால் மணி, அரை மணி நேரத்தில் வெண்மை வடிந்து எழுத்து திரும்பத் தெரிகிறது. மறுநாள் வீக்கமும், சிலருக்குக் கொப்புளமும் சேர்ந்து பழையதைவிடக் கறுப்பாகக்கூடத் தோன்றும். "ஏமாத்திட்டாங்க" என்று பலர் நினைப்பது அன்றைக்குத்தான். உண்மையான மங்கல் வாரக்கணக்கில், நிணநீர் வழியாக மெதுவாக நடக்கிறது. மையின் ஒரு பகுதி உடலைவிட்டு வெளியேறாமல் நிணநீர் முடிச்சுகளில் போய்த் தங்கவும் செய்கிறது.

அப்படியானால் 'நாலு சிட்டிங்' என்ற கணக்கு முழுப் பொய்யா? நான்கைந்து தடவையில் முக்கால் பங்கு மங்கியதாகப் பதிவுசெய்த ஆய்வுகள் இருக்கின்றன. சிக்கல் அந்த 'முக்கால் பங்கு' என்ற அளவுகோலில் இருக்கிறது. 75 சதவீத மங்கலை ஆய்வாளர்கள் நல்ல விளைவாகக் கணக்கிடுகிறார்கள், அறிவியல் ஒப்பீட்டுக்கு அது பொருத்தமான அளவுகோல்தான். ஆனால் பழைய காதலின் பெயரைக் கையில் வைத்திருப்பவருக்கு, கால் பங்கு மை மீந்தாலும் பெயர் படிக்கத் தெரியும். ஆய்வில் 'வெற்றி'யாகப் பதிவான கை, கல்யாண மண்டபத்தில் தோல்விதான். விளம்பரங்கள் 'நாலு' என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு 'முக்கால் பங்கு' என்பதை விட்டுவிடுகின்றன.

இந்தக் கேள்விக்குக் கூடுதல் நம்பகமான பதில் இத்தாலியின் மிலான் நகரிலிருந்து 2012-ல் வந்தது. 352 பேரைத் தொடர்ந்து கவனித்த அந்த ஆய்வில், 10 சிட்டிங் முடிவில் பச்சை வெற்றிகரமாக நீங்கியது 47.2 சதவீதம் பேருக்கு. 15 சிட்டிங் முடிவில் 74.8 சதவீதம் பேருக்கு. அதாவது பதினைந்து முறை போயும் நான்கில் ஒருவருக்குப் போகவில்லை. புகை பிடிப்பவர்களுக்குப் பத்து சிட்டிங்கில் வெற்றி கிட்டும் வாய்ப்பு ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. தூளை அள்ளிப் போவது உடலின் வேலை என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. காலிலும் பாதத்திலும் இருந்தவை, அடர்த்தியாகக் குத்தியவை, கறுப்பும் சிவப்பும் தவிர்த்த நிறங்கள் இவையெல்லாம் மெதுவாகவே போயின. சிட்டிங்குகளுக்கு நடுவே எட்டு வாரமோ அதற்குக் குறைவாகவோ இடைவெளி விட்டவர்களுக்கும் பலன் குறைந்தது. 'அடிக்கடி போனால் சீக்கிரம் போகும்' என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. 'பழைய பச்சை சுலபமாகப் போகும்' என்று நிலையங்களில் சொல்வார்கள், மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்டவை அந்த ஆய்வில் எளிதாகப் போகவில்லை.

இந்த ஆய்வையும் அப்படியே விழுங்கக் கூடாது. அது ஒரே மையத்தில், 1995 முதல் 2010 வரையிலான கருவிகளோடு, ஐரோப்பியத் தோலில் நடந்தது. அதன் சதவீதங்களைச் சென்னைக்கும் மதுரைக்கும் பெயர்த்துவைக்க முடியாது. ஆனால் எந்தத் திசையில் மாறும் என்று சொல்ல முடியும். நிறம் கூடிய தோலில் மருத்துவர் ஆற்றலைக் குறைத்து வைத்தாக வேண்டும், ஆகவே நமக்குச் சிட்டிங் எண்ணிக்கை கூடுமே தவிரக் குறையாது. எட்டு வாரத்துக்கு ஒன்று என்று பத்து சிட்டிங் போனாலே ஒன்றரை ஆண்டு ஆகிறது, பதினைந்து என்றால் இரண்டு ஆண்டைத் தாண்டும்.

இந்தக் காலக்கணக்கு படைச் சேர்க்கைக்குப் போகும் இளைஞர்களை நேரடியாகப் பாதிக்கிறது. நிலையங்களின் அவசரப் பேக்கேஜ்களுக்கு முதல் இரை அவர்கள்தான். மத்திய ஆயுதக் காவல் படைகளின் மருத்துவ விதிப்படி, பெயரோ மதச் சின்னமோ இடது முன்கையின் உட்புறத்திலோ புறங்கையிலோ, அந்த உறுப்பில் கால் பங்குக்குக் குறைவான அளவில் இருந்தால் தடையில்லை. சல்யூட் அடிக்கும் வலது கையில் இருந்தால் சிக்கல். ராணுவத்திலும் முன்கையின் உட்புறமும் புறங்கையும் அனுமதிக்கப்பட்ட இடங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல், விதி அனுமதிக்கும் பச்சையைக்கூட அழிக்க ஓடி, தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மூன்று சிட்டிங்கை நெருக்கிப் போட்டுக்கொள்கிறார்கள். கையில் இருந்த சிறு மையை விட்டுவிட்டு ஆறாத புண்ணோடு மருத்துவப் பரிசோதனைக்கு நிற்கிறார்கள். அறிவிக்கையை முதலில் படிக்க வேண்டும். நீக்கித்தான் ஆக வேண்டுமென்றால் தேர்வுக்கு ஒன்றரை ஆண்டு முன்னாலேயே தொடங்க வேண்டும். இதைச் சொல்லி ஒருவரையாவது திருப்பி அனுப்பும் நிலையத்தை நான் மதிப்பேன்.

நிறங்களைப் பற்றிய நம்பிக்கைகளைச் சற்று நின்று பார்க்க வேண்டும், நம்மவர்க்கு மிகக் கூடுதலான சேதம் இங்கேதான். ஒரே லேசர் எல்லா நிறத்தையும் எடுத்துவிடும் என்று நினைக்கிறார்கள். கறுப்பு எல்லா அலைநீளத்தையும் உறிஞ்சும். அதனால் அதற்கு நியோடிமியம்-யாக் கருவியின் 1064 நானோமீட்டர் ஒளி போதும். தோலுக்கு நிறம் தரும் மெலனின் இந்த ஒளியைக் குறைவாகவே உறிஞ்சுகிறது, ஆழமாகவும் இறங்கும். நம் தோலுக்கு இதைவிடப் பாதுகாப்பான அலைநீளம் இந்த வேலைக்கு இல்லை. சிவப்புக்கு 532 வேண்டும். பச்சைக்கும் நீலத்துக்கும் ரூபியின் 694-ஓ அலெக்சாண்டிரைட்டின் 755-ஓ வேண்டும். இந்த மூன்றையும் மெலனின் ஆவலோடு உறிஞ்சும். வெள்ளைக்காரர் தோலில் ஒளி மெலனினைப் பெரிதாகச் சந்திக்காமல் மைக்குப் போகிறது. நம் தோலில் மையைத் தொடுவதற்கு முன்பே மெலனினில் மோதுகிறது. கொப்புளம் எழுந்து ஆறியபின் அந்த இடம் கருக்கலாம் அல்லது வெளுக்கலாம். கருத்தது பெரும்பாலும் சில மாதங்களில் தேறிவிடும். வெளுத்தது நெடுநாள் நிற்கும், சிலருக்குத் திரும்பாமலே போய்விடும்.

மை முழுதாகப் போன பிறகும், அதே எழுத்து, அதே வளைவுகளோடு வெள்ளையில் தெரியும் கைகள் உண்டு. மருத்துவக் குறிப்பில் இது நிறக்குறைவு என்று இரண்டு வரியில் முடியும். வெண்புள்ளியைப் பார்த்தால் சம்பந்தம் பேச வந்தவர்கள் எழுந்துபோகும் ஊரில் அதன் விலை வேறு. கறுப்புப் பெயரை "சின்ன வயசுல தெரியாம குத்திக்கிட்டேன்" என்று சொல்லிச் சமாளிக்க முடிந்த பெண், வெள்ளைத் தழும்பை விளக்கத் தெரியாமல் முழுக்கை ரவிக்கைக்கு மாறுகிறாள். 'அடையாளமே தெரியாது' என்ற வாக்குறுதியின் மீது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். ஆற்றலைக் கூட்டி, இடைவெளியைக் குறைத்து, தவறான அலைநீளத்தில் அடித்தால்தான் அந்த வேகத்தைக் காட்ட முடியும், அதற்கான விலையைத் தோல் கொடுக்கிறது.

இதே தர்க்கம் பெரியவர்களின் நம்பிக்கையையும் கவிழ்க்கிறது. பாட்டிகளின் கையில் குறத்தி குத்திவிட்ட கோலமும் புள்ளியும் பச்சையாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பது விளக்குக்கரி. அடித்தோலின் ஆழத்திலிருந்து திரும்பும் ஒளி சிதறுவதால் கரி அப்படி நீலம் கலந்த பச்சையாகத் தோன்றுகிறது. கரி என்பதால் 1064-க்கு அது கட்டுப்படும். கையால் ஊசி பிடித்துக் குத்தியதில் மையின் அளவும் குறைவு. சிட்டிங் எண்ணிக்கையை முன்கூட்டியே மதிப்பிட 2009-ல் வகுக்கப்பட்ட கர்பி-தேசாய் அளவுகோலும், தொழில்முறையாகக் குத்தாதவற்றையே குறைந்த புள்ளியில் வைக்கிறது. 'கட்டையோடுதான் போகும்' என்று அவர்கள் நம்பியது ஒப்பீட்டளவில் எளிதாகப் போகக்கூடியது. மால்களில் இயந்திரம் வைத்துப் பல நிறத்தில் போட்டுக்கொள்ளும் டிராகனும் மயிலும்தான் மல்லுக்கு நிற்பவை.

வெள்ளை, தோல்நிறம், ரோஸ் நிற மைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இவற்றில் டைட்டானியம் டையாக்சைடோ இரும்பு ஆக்சைடோ இருக்கும். லேசர் பட்டதும் இவை வேதிமாற்றம் அடைந்து பளிச்சென்று கறுத்துவிடக் கூடும். உதட்டுக்கும் புருவத்துக்கும் நிரந்தர ஒப்பனை செய்துகொண்டு, பிடிக்காமல் அதை அழிக்கப் போகிறவர்களுக்கு இது நடந்தால் முகத்திலேயே நடக்கும். மறைவான ஒரு துளியில் சோதித்துப் பார்க்காமல் இந்த மைகளைத் தொடவே கூடாது.

பைக்கோ லேசர் வந்துவிட்டது, இனி கவலையில்லை என்கிறார்கள். 2012-ல் அமெரிக்க அனுமதி பெற்ற இந்தக் கருவிகள் இன்னும் குறுகிய துடிப்பில் வேலை செய்பவை. பிடிவாதமான நீலத்திலும் பச்சையிலும் தொடக்கக்கால ஆய்வுகள் நல்ல பலனைக் காட்டின. ஆனால் அவை சிறிய ஆய்வுகள். கறுப்பு மையில், ஒரே அலைநீளத்தில் பைக்கோவையும் நானோவையும் நேருக்கு நேர் நிறுத்திய ஒரு சோதனை 2017-ல் வெளியானது. இரண்டு சிட்டிங்குக்குப் பின் மங்கலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை, வலி மட்டும் பைக்கோவில் குறைவு. கறுப்புப் பெயரை நீக்க வருபவர் 'பைக்கோ' என்ற சொல்லுக்காகப் பல மடங்கு பணம் கொடுக்க இந்தச் சான்று போதாது.

அச்சங்களையும் சுருக்கமாக எடைபோடலாம். லேசரால் புற்றுநோய் வரும் என்கிறார்கள். இந்த ஒளி புற ஊதாக் கதிர் அல்ல, கதிரியக்கமும் அல்ல. கேள்வி ஒளியைப் பற்றியதாக இல்லாமல் மையைப் பற்றியதாக இருந்தால் அதில் பொருள் உண்டு. ஒரு வகை நீல நிறமியின் மீது ரூபி லேசரைச் செலுத்தியபோது ஹைட்ரஜன் சயனைடு வெளிப்பட்டதை ஜெர்மன் ஆய்வாளர்கள் 2015-ல் சோதனைக்கூடத்தில் காட்டினார்கள். சில சிவப்பு, மஞ்சள் நிறமிகளும் உடையும்போது தீங்கான அமீன்களைத் தருகின்றன. சோதனைக் குழாயில் கண்டது மனித உடலில் நோயாகும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆயினும் பெரிய வண்ணப் பச்சையை ஒரே நாளில் முழுதாக அடிக்க வேண்டாம் என்பதற்கு இது கூடுதல் காரணம். கறுப்புக் கரியில் இந்த நிறமிகள் இல்லை. வலி உண்மைதான், ஆனால் உள்ளங்கை அளவுக்கு அது சில நிமிடங்களில் முடிவது, மரத்துப்போகும் களிம்பும் உண்டு. வலிக்குப் பயந்து தேவையான சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. நம் தோலில் உள்ள கறுப்பு மையை, 1064 நானோமீட்டர் கியூ-ஸ்விட்ச் லேசரால், தோல் மருத்துவர் ஒருவரின் கையால், எட்டு வாரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் நீக்கிக்கொள்வது நம்பத் தகுந்த சிகிச்சை. முழுதாகப் போகாவிட்டாலும் படிக்க முடியாதபடி மங்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம். வண்ண மைகளில் அந்த உறுதியை யாரும் தரக் கூடாது, தந்தால் நம்பக் கூடாது. அங்கே கொஞ்சம் மங்கவைத்து மேலே வேறு படம் போட்டு மறைப்பதே பலருக்கு உகந்த வழி. ஒரு ரூபாய் அளவுள்ள சிறு பச்சையை வெட்டித் தைத்துவிடுவதும் பரிசீலிக்கத் தக்கது. மெல்லிய கோடாகத் தழும்பு நிற்கும், ஆனால் ஒரே நாளில் முடியும். வெட்டினால் தழும்பு மேடாக வளரும் உடல்வாகு உள்ளவர்களுக்கு மட்டும் அது வேண்டாம்.

இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் 2009-லேயே இதற்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. பல சிட்டிங் ஆகும் என்பதை முதலிலேயே சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொல்லும் பேக்கேஜ் இந்த நேர்மைக்கு நேர் எதிரானது, ஐந்தாவது சிட்டிங்கில் தோல் வெளுக்கத் தொடங்கினால் நிறுத்தச் சொல்லும் துணிவை அது நோயாளியிடமிருந்து பறித்துவிடுகிறது. ஒவ்வொரு சிட்டிங்குக்கும் தனியாகப் பணம் வாங்கும் இடத்துக்குப் போங்கள். முதல் நாளில் ஓர் எழுத்தின் ஓரத்தில் மட்டும் சோதித்துவிட்டு, ஆறு வாரம் கழித்து அந்த ஓரம் கருத்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று மருத்துவரோடு உட்கார்ந்து பாருங்கள். மீதி எழுத்துகளைப் பற்றி அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.